ஏழாம் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை

ஏரலிலிருந்து திருநெல்வேலி நாற்பது கிலோமீட்டர் சொச்சம். 1996 ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு பஸ் ஏறினேன். டிக்கெட் ஏழு ரூபாய். எனக்கு வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு என் மனைவியின் தம்பி சங்கரன். ஆறடி ஆள், மடியில் பிளாஸ்டிக் ஒயர் கூடை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஏறிய பெரியவர் ஒருவர், "எங்க போவுதிய?" என்றார்.

"அத்தானுக்கு நெஞ்சத் திறக்கப் போறாக" என்று சங்கரன் முந்திக்கொண்டான். அதன்பிறகு பஸ்ஸில் யாரும் என்னைப் பார்த்து இருமக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் விளக்கினார். வலப்பக்க நுரையீரலில் மூன்று பகுதிகள். ஒன்றை எடுத்தாலும் மீதியை வைத்துப் பிழைக்கலாம். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துள்ள கருவி ஒன்றைத் தந்தார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் எழும்ப வேண்டும். ஒன்று எழும்பியது. மற்ற இரண்டும் என்னை மதிக்கவில்லை.

புதன் காலை எட்டு மணிக்கு அறுவை. பயணத்தின் முக்கியமான கட்டத்தில் தூங்கிப்போன ஆள் நான், எழுத ஒன்றுமில்லை. விழித்தபோது தோள்பட்டைக்குக் கீழிருந்து விலாவைச் சுற்றித் தையல். விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் புட்டிக்கு இறங்கியிருந்தது. இருமினால் அதில் குமிழ் வந்தது, எனக்கு உயிர் போனது. தையல் அறுந்துவிடும் என்று இருமுவதையே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வார்டில் ஏழாம் கட்டில். எங்கள் பக்கத்தில் சீக்காளி என்றால் அசையக் கூடாது, பேசக் கூடாது. ஏரலிலிருந்து வந்தவர்களையெல்லாம் சங்கரன் வாசலிலேயே மறித்தான். "அத்தான் பேசப்படாது. பாத்துட்டு அங்கன போயிருங்க." எனக்கும் அது வசதியாக இருந்தது.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. "சளி உள்ளேயே தங்குது. இருமணும், நடக்கணும். இல்லன்னா நிமோனியா. புட்டியில குமிழ் நின்னாத்தான் குழாய எடுப்பேன். அப்புறந்தான் வீடு."

உவரிக்கார நர்ஸ் இடுப்பில் கை வைத்தார். "இவுகள எந்திரிக்க விடாதது யாரு?"

"நாந்தான்" என்றான் சங்கரன், பைய.

"காவல் காத்தது போதும் அண்ணாச்சி. புட்டியப் புடிங்க."

ஒயர் கூடையில் புட்டியை வைத்து மார்போடு அணைத்துத் தூக்கினான். "கீழ, கீழ" என்று நர்ஸ் பதறினார். "அவுக நெஞ்சுக்கு மேல போனா தண்ணி உள்ள ஏறிரும்." ஆறடி ஆள் அப்படியே வளைந்து, கோழி பிடிக்கப் போகிறவனைப் போல என்னோடு நகர்ந்தான். மறித்து வைத்திருந்த ஏரல்காரர்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

ஜன்னலுக்குப் பதினெட்டு எட்டு வைக்க வேண்டும். பத்து நிமிடம் பிடித்தது. வெளியே ஒரு வேப்பமரமும் டவுண் பஸ்ஸும்.

"சப்பரம் நிலைக்கு வந்துட்டு வே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரித்துத் தொலைத்தேன். சிரிப்பு இருமலாயிற்று. நர்ஸ் ஒரு தலையணையை என் நெஞ்சில் திணித்து, "கட்டிப் புடிச்சுக்கிட்டு இருமுங்க" என்றார். கண்ணில் நீர் முட்டியது; சளி வந்தது; தையல் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று நான்கு முறை ஜன்னல் போய் வந்தோம். திங்கட்கிழமை காய்ச்சல் விட்டது.

செவ்வாய் காலை டாக்டர் என்னை இருமச் சொல்லிவிட்டுப் புட்டியைக் குனிந்து பார்த்தார். சங்கரனும் குனிந்தான். இன்னொரு முறை இருமினேன். தண்ணீர் அசைந்தது, குமிழ் இல்லை.

வியாழக்கிழமை கிளம்பினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், சிகரெட்டை மறந்துவிட வேண்டும். பஸ்ஸில் சங்கரன் கூடையைக் கீழே, கால்களுக்கு நடுவில் வைத்துப் பிடித்திருந்தான்.

"மாத்திரையும் துண்டுந்தானலே இருக்கு. மடியில வையி."

"இருக்கட்டும் அத்தான். உங்க நெஞ்சுக்குக் கீழயே இருக்கட்டும்."

சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை வார்டிலேயே விட்டிருந்தோம். அவன் கையை இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ஸ்ரீவைகுண்டம் வரை சிரித்தேன்.