வெள்ளைப் பட்டையில் மஞ்சள்

முதியோர் இல்லத்துச் சலவை அறையில் என்னோடு வேலை செய்பவள் சாம்பியாவின் மேற்குப் பகுதியான பரோட்சேலாந்துக்காரி. அது தனி நாடு இல்லை. ஆனாலும் கொடி உண்டு: சிவப்புத் துணி, குறுக்கே வெள்ளைப் பட்டை. ஒஸ்லோக் கடைகளில் தேடி அலுத்துப்போய் என்னிடம் வந்தாள்.

"சனிக்கிழமை மகளுக்குக் கலியாணம். நீ தைச்சுத் தாறியே?"

நாங்கள் கதைப்பது நொர்ஸ்க் என்கிற நோர்வே மொழியில்தான். எனக்கு அது எங்கட தமிழாய்த்தான் கேட்கும். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ உருப்பட்டிருப்பேன்.

சிவப்பு அவர்களுடைய சனம், வெள்ளை ஆண்டுதோறும் சமவெளியை மூடும் ஆற்று வெள்ளம் என்று அவளுடைய தாய் சொல்லுவாவாம். வேறு ஆட்கள் வேறு விளக்கம் சொல்வார்களாம். தாய் போன வருடம் செத்துப்போனா. மண்டபத்தில் தாய் இருக்கவேண்டிய கதிரைக்கு மேலே அந்தக் கொடி தொங்கவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஒஸ்லோவின் புறநகர் குரோருட்டில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பின்னேரம் தைத்தேன். வெள்ளிக்கிழமை முடித்து, மடித்து வைத்தேன். என் கை தன் பாட்டில் மஞ்சளைத் தொட்டு மேல் மூலையில் பூசியது. புதுத் துணி என்றால் எங்கள் வீட்டில் அது இல்லாமல் உடுத்தமாட்டோம். மடிப்பின் மேலே இருந்தது வெள்ளைப் பட்டை.

"ஐயோ, கடவுளே!"

என் மனுசன் ஓடிவந்தார். "சோப் போடாதையும், சிவக்கும்..."

அதற்குள் போட்டுவிட்டேன். மஞ்சள் சிவந்தது. அலசினால் திரும்பவும் மஞ்சள்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?"

"உங்களிட்டை இப்ப ஆர் கேட்டது?" என்று பாய்ந்தேன். பாவம், மனுசன் உள்ளே போய்விட்டார்.

காலையில் மனுசனோடு மண்டபத்துக்குப் போய், கொடியை விரித்து அவளுக்குக் கறையைக் காட்டினேன்.

"நல்லது நடக்கட்டும் எண்டு எங்கட ஆக்கள் புதுத் துணிக்கு வைக்கிறது. பழக்கத்திலை வைச்சிட்டன். பிழைதான்."

அவள் கறையைத் தடவினாள்.

"வெள்ளம் எண்டால் மண் நிறத்திலைதானே வரும்," என்றாள். "அம்மாவுக்கு இது பிடிச்சிருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"மகளின்ர உடுப்புக்கும் வைச்சு விடு."

மஞ்சளுக்கு நான் எங்கே போவேன்? திரும்பிப் பார்த்தேன். என் மனுசன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுத் திறப்போடு டி-பானே ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.