பித்தளைப் பட்டைக்குக் கீழே

பாறசாலை சந்தைக்குப் பின்னால் துப்பாக்கி பழுதுபார்க்கும் பொன்னப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தால், அதில் எந்தத் திருகாணி எந்தக் காலத்தில் முறுக்கியது என்று சொல்லிவிடுவார். அதோடு நிற்காமல் முறுக்கியவனின் அறிவையும் அளந்துவிடுவார். சீமைத் துப்பாக்கி என்று மார்தட்டிக்கொண்டு வந்தவர்கள், குழல் மட்டும்தான் சீமை, மற்றதெல்லாம் நெய்யாற்றின்கரை என்று கேட்டு முகம் தொங்கித் திரும்பியிருக்கிறார்கள். துப்பாக்கிக்கு வருடம் சொல்வதில் மட்டும் மனிதர் யாருக்கும் வளைய மாட்டார்.

தொண்ணூற்றாறில் தேர்தல் முடிந்து, அதற்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கிகளை எல்லாரும் திரும்ப வாங்கிய வாரம், கள்ளிக்காட்டு யோசுவா தன் துப்பாக்கியோடு வந்தார். தங்கை புஷ்பபாய் அவரை இழுத்துக்கொண்டு வந்தாள் என்பதுதான் சரி. பிரசவ வார்டில் இருபத்தைந்து வருடமாக நர்ஸாக இருப்பவள்; இழுத்தால் வராமல் முடியாது.

"மேஸ்திரி, தோக்குக் கட்டையில இருக்கிய இந்தப் பித்தளைப் பட்டை எந்த வருசம் அடிச்சதுன்னு பாத்து எழுதித் தரணும்."

விஷயம் இதுதான். அறுபதாம் வருடம், பன்னிரண்டு வயதில், அலமாரியைத் திறந்தபோது அவள் கையிலிருந்து இந்தத் துப்பாக்கி உறையோடு நழுவி விழுந்தது. அதுவரை உறைக்குள் இருப்பதைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அப்பா எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து, துப்பாக்கியின் மரக்கட்டைக் கழுத்தில் பட்டையோடு கொண்டுவந்து, "நீ ஒடிச்சது" என்று காட்டினார். அன்று முதல் யோசுவாவுக்கு எந்த விருந்திலும் அதுதான் கதை. போன மாதம் அவள் மகளின் நிச்சயதார்த்தத்திலும் அவிழ்த்துவிட்டார்.

"சம்பந்திக்காரி எனக்க கையில இருந்த காப்பித் தம்ளரை அப்பமே வாங்கி வச்சிட்டா! நானூறு பிள்ளைய இந்தக் கையால எடுத்திருக்கேன். ஒண்ணாவது தாழ விழுந்துதுண்டா? தோக்கு விழுந்தது மெத்தையிலயாக்கும். மெத்தையில விழுந்தா ஒடியுமா?"

"ஒடியாம பின்ன பட்டை எதுக்குட்டி?" என்றார் யோசுவா. "அதுக்கு முன்ன அடிச்சதுன்னு மேஸ்திரி சொன்னா, கல்யாணத்தில மைக்கைப் பிடிச்சு நானே சொல்லுதேன்."

பொன்னப்பன் கண்ணாடியை மாட்டினார். திருகாணித் தலைகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு இறுகிக் கிடந்தது. ஒருமுறை முறுக்கிய பிறகு யாரும் தொட்டதில்லை. பட்டையைக் கழற்றினார். கீழே மரத்தில் ஒரே ஒரு விரிசல். சுடுதண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் வைத்ததும் பசை இளகி, மாட்டுத்தோல் வாடை வந்தது.

"பழைய தோல்பசை. சரி, பட்டையில 1112ன்னு கீறியிருக்கே, இது என்னவாக்கும்?"

"தோக்குக்க நம்பர். அப்பா காலத்திலயிருந்து லைசன்ஸில அதுதான் உண்டு," என்றார் யோசுவா.

பொன்னப்பன் குழல்களைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அடியில் வேறொரு நம்பர், ஐந்து இலக்கம், ஆலையில் அழுத்தமாகப் பதித்தது.

"நம்பர் இது. மற்றது கொல்லம் ஆண்டு, மலையாள வருசம். இங்கிலீஷ் கணக்கில தொள்ளாயிரத்து முப்பத்தேழு. பட்டை அடிச்சவன் வருசத்தைக் கீறி வச்சான், ஆபீஸில ஏதோ ஒரு புத்திசாலி அதை நம்பர்னு எழுதிட்டான். சிஸ்டர் அப்ப பொறக்கவேயில்ல. நீங்க கீழ போட்டப்ப இது ஒடியவும் இல்ல."

புஷ்பபாய் வெற்றிக் களிப்பில் அண்ணனைப் பார்த்தாள். அவர் கண் குழலின் அடியிலிருந்த நம்பரில் இருந்தது.

"அப்ப எனக்க லைசன்ஸ் இந்தத் தோக்குக்கு இல்லியா?"

"இல்ல. நான் எழுதினா வருசம், நம்பர் ரெண்டையும் சேத்துத்தான் எழுதுவேன். அதோட தோக்கு ஸ்டேஷனுக்குப் போயிரும். திரும்பி வருமான்னு எனக்குத் தெரியாது."

நெய்யாறு அணைப் பக்கத்துக் காட்டுப்பன்றிகள் யோசுவாவின் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் பாதியை ஏற்கனவே முடித்திருந்தன; அவற்றை விரட்ட இருந்தது இந்தத் துப்பாக்கி ஒன்றுதான். புஷ்பபாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எழுதண்டாம் மேஸ்திரி. பட்டையை மாட்டும்."

அப்படியே விட்டிருந்தால் யோசுவா தப்பித்திருப்பார். ஆனால் அவர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையை எடுக்கப் போன மேஸ்திரியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எழுதும் மேஸ்திரி," என்றார். "மரச்சீனிய பன்னி தின்னட்டு. முப்பத்தாறு வருசம் இவள நான் தின்னாச்சு."

பொன்னப்பன் தாளை எடுத்தார். புஷ்பபாய் அதைக் கவனிக்கவில்லை. கழற்றி வைத்த பட்டையைப் பார்த்தபடி மெதுவாக உட்கார்ந்தாள்.

"தோக்கு அம்மைக்க வீட்டுச் சீதனமாக்கும் அண்ணா," என்றாள். "முப்பத்தேழில அவரே ஒடிச்சதை அம்மைகிட்டச் சொல்ல அப்பாவுக்குப் பயம். நான் கீழ போட்டது அவருக்கு நல்லதாப் போச்சு, பழி எனக்க மேல வந்துது."

பொன்னப்பன் பேனாவைத் திறந்தார். தேதியைப் போட்டு எழுத ஆரம்பித்தார்.