மூன்று விரல் வெடிப்பு

ஜெயகுமாரிக்கு ஐம்பத்தொரு வயது. ஒஸ்லோவுக்கு வந்து இருபத்தேழு வருடமாகிறது. அதில் பத்தொன்பது வருடம் ஒரே வேலை. பாலம், பாடசாலை, ரயில்பாதை என்று எதைக் கட்டுவதானாலும் முதலில் நிலத்தைத் துளைத்து மண் எடுத்துப் பார்க்கும் ஒரு கம்பனியின் ஆய்வுகூடத்தில் அவள் உதவியாளர். குழாய்க்குள் வரும் களிமண்ணை மெதுவாக வெளியே தள்ளி, வெட்டி, எடை நிறுத்து, கலக்கி, கண்டதை எழுதிக் கொடுப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்வது பொறியியலாளர்களின் பொறுப்பு. "நான் கை மட்டும்தான். தலை மேல்மாடியில இருக்கு" என்று வீட்டில் பகிடி விடுவாள்.

அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்த களி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த மண். தொடாமல் விட்டால் சுவர்போல நிற்கும். வீட்டையும் மாட்டையும் தாங்கும். கரண்டியால் நாலு தரம் கலக்கினால் அதே களி கூழாகி ஓடும். நோர்வேக்காரர் குவிக்லைரே என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஜெயகுமாரிதான் அதைக் கலக்கிக் காட்டுவாள். எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். பிறகு குனிந்து தங்கள் காலடியைப் பார்ப்பார்கள்.

பிடில் அவளிடம் வந்தது மகள் ஆரணியால். மூன்று வருடம் வகுப்புக்குப் போய்விட்டு வேண்டாமென்று மூடி வைத்த வயலின் அது. மகள் படிக்கவென்று துரொண்ட்ஹெய்முக்குப் போன பிறகு பெட்டி அலுமாரிக்குள் கிடந்தது. ஒரு சனிக்கிழமை குறொன்லாண்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு கோப்பிக்கடைக்குள் ஆறேழு பேர் வட்டமாக இருந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பான்ஜோ, கிற்றார், இரண்டு பிடில். ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். மீன்பையோடு அரை மணித்தியாலம் வாசலில் நின்றாள். அமெரிக்க மலைநாட்டு இசை என்று பிறகு தெரிந்துகொண்டாள். அன்றே வீட்டில் அந்தப் பெட்டியைத் திறந்தாள்.

இரண்டு வருடம் கணினியில் பார்த்துப் பார்த்துத் தனியாகப் பழகியவள், செப்ரெம்பர் கடைசியில் ஐந்து நாள் முகாமொன்றுக்குப் பெயர் கொடுத்தாள். கணவர் பிரசாந்தன் பஸ் ஓட்டுகிறவர். அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். ஒஸ்லோவிலிருந்து வடகிழக்கே ஒரு மணித்தியால ஓட்டம். மேட்டில் ஒரு பண்ணை, கீழே ஓடை. அந்த மாதம் மழை விட்ட நாளே இல்லை.

"பாத்து இரும். குளிருக்கை நிண்டு வாசிச்சு நெஞ்சுச்சளி பிடிச்சுக்கொண்டு வராதையும்" என்றார் பிரசாந்தன்.

"நான் என்ன சின்னப்பிள்ளையே?" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பண்ணை குன்வோர் என்ற பெண்ணுடையது. அறுபத்தெட்டு வயது, கணவர் இறந்து நாலு வருடம். பழைய களஞ்சியத்தின் மேல்தட்டைத் திருத்தி வகுப்பு நடத்த விட்டிருந்தாள். கீழ்த்தட்டில் பதினொரு கன்றுகள். முகாமுக்கு வருகிற வண்டிகளை நிறுத்த என்று அந்தக் கோடையில்தான் சரிவின் விளிம்பில் லொறி லொறியாக மண் கொட்டி நிரவியிருந்தார்கள். ஜெயகுமாரி அந்தப் புதுமண்ணைப் பார்த்தாள். இவ்வளவு பாரத்தை ஏன் விளிம்பில் கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று நினைத்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கற்பித்தவள் கேசி. வேர்ஜீனியாவிலிருந்து வந்த முப்பது வயதுப் பெண். முதல் வேலையாக எல்லோருடைய சுரம் எழுதிய தாள்களையும் வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டாள். "காதால் பிடியுங்கள். முதலில் எலும்பு, சதை பிறகு வரும்." கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒரு படி ஏற்றிக் கட்டச் சொன்னாள். அப்படிக் கட்டினால் ஒரு தந்தியில் வாசிக்கும்போது பக்கத்துத் தந்தியும் சேர்ந்து முனகும். வில்லுக்கு ஒரு நீளம், இரண்டு குட்டி. நீளம், குட்டி, குட்டி. ஜெயகுமாரியின் மணிக்கட்டு முதல் நாள் முழுக்க மரக்கட்டையாக இருந்தது.

இருபத்தாறு பேரில் அவள் ஒருத்திதான் கறுத்தவள். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை என்று காட்டிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டின்போது குளியலறைக் கதவு இறுகிவிட்டது என்று ஒருவர் சொல்ல, பழைய வீடுகள் அப்படித்தான் என்று எல்லோரும் சிரித்தார்கள். முன்கதவும் இறுகியிருந்ததை அவள் கவனித்திருந்தாள். வீட்டின் அடிநிலம் அசைந்தாலும் கதவுகள் அப்படி இறுகும்.

இரண்டாம் நாள், திங்கட்கிழமை மதியம், தனியாக ஓடைப்பக்கம் இறங்கினாள். தண்ணீர் சிமெந்து கரைத்ததுபோலச் சாம்பல் நிறத்தில், கரைந்த களியோடு ஓடியது. கரையில் ஒரு துண்டு புதிதாக இடிந்து நீலச் சாம்பல் களி தெரிந்தது. வெள்ளைப் பட்டைப் பேர்ச் மரங்கள் இரண்டு ஓடைக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்து நின்றன. அவள் ஒரு பிடி களியை எடுத்தாள். கட்டியாக, குளிர்ந்துபோய் இருந்தது. கட்டைவிரலால் பிசைந்தாள். நாலாம் தரம் பிசையும்போது அது விரல்களுக்கிடையால் வழிந்து சப்பாத்தில் சொட்டியது.

மேலே களஞ்சியத்தில் யாரோ பான்ஜோ வாசிப்பது கேட்டது. கன்றொன்று கத்தியது. ஜெயகுமாரி கையை ஓடையில் கழுவவில்லை. அந்தத் தண்ணீருக்குக் கிட்டப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. புல்லில் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

குன்வோர் குசினியில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குன்வோர், ஓடைக்கரையில் களி இளகியிருக்கிறது. யாரையாவது கூப்பிட்டுக் காட்டினால் நல்லது."

"இந்த ஓடை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் தின்னும்" என்றாள் குன்வோர். "என் கணவரின் பாட்டன் காலத்திலிருந்து தின்கிறது. நீ பொறியியலாளரா?"

கெட்ட எண்ணத்தோடு கேட்ட கேள்வி இல்லை. ஆனால் ஜெயகுமாரிக்கு முகம் சூடாகிவிட்டது.

"இல்லை. ஆய்வுகூடத்தில் உதவி."

"அப்படியென்றால் முகாம் முடிந்ததும் நகராட்சிக்கு எழுதுகிறேன். கோப்பி வேண்டுமா?"

கோப்பியை வாங்கிக்கொண்டு மேலே போனாள். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். குரலை உயர்த்தியிருக்கலாம். அவசரத்துக்கு அவளுக்கு நோர்வேமொழி வராது; நிதானமாகக் கதைக்கும்போது வருகிற சொற்கள் பயத்தில் காணாமல் போய்விடும். அதைவிட இன்னொரு காரணமும் இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு வட்டத்துக்குள் அவளுக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

அன்று பின்னேரம் அந்த மலைநாட்டு இசையை இரண்டு விதமாக வாசித்தார்கள். முதலில் புளூகிராஸ். அதில் ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து தனியாக வாசிக்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் தாளம் பிடிப்பார்கள். அவளுடைய முறை வந்தபோது தலையை ஆட்டி அடுத்தவருக்கு விட்டுவிட்டாள். பிறகு ஓல்ட் டைம். அதில் முன்னுக்கு வருவது என்பதே இல்லை. எல்லோரும் ஒன்றாக ஒரே மெட்டு. அவள் வாசிப்பை யாரும் தனியாகக் கேட்கப் போவதில்லை. பத்தாவது சுற்றிலோ என்னவோ மணிக்கட்டு தானாகவே இளகியது. நீளம், குட்டி, குட்டி. தந்தி முனகியது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. கண் மட்டும் யன்னலுக்கு வெளியே, சரிவின் விளிம்பிலேயே நின்றது.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு வண்டிகளுக்கு அப்பால் புல்லில் ஒரு கோடு கிடந்தது. கத்தியால் கீறியதுபோல நேராக, இருபது மீற்றர் நீளத்துக்கு. ஜெயகுமாரி குந்தியிருந்து ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல்தான் போனது. பத்தரைக்குக் கோப்பி இடைவேளையில் திரும்பவும் ஓடிவந்தாள். மூன்று விரல் சேர்ந்து போனது. வெடிப்பின் அந்தப்பக்கம் இந்தப்பக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

அவள் இளமாறனுக்குப் போன் எடுத்தாள். கம்பனியின் மேல்மாடியில் வேலை செய்யும் பொறியியலாளர்; திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், வயதில் இளையவர்.

"தம்பி, நான் ஜெயா. நான் சொன்ன அந்த முகாம் பண்ணையில, ஓடைக்கு மேல ஒரு வெடிப்பு. காலமை ஒரு விரல், இப்ப மூண்டு விரல். களியைப் பிசைஞ்சு பாத்தனான். குவிக்தான்."

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "அக்கா, ஓடைத் தண்ணி எப்படி இருக்கு?"

"சாம்பல். நேற்றே சாம்பல்."

"நேத்தேவா?" பிறகு அவர் வேகமாகச் சொன்னார்: "அக்கா, கேளுங்க. எல்லாரையும் இப்பவே வெளிய கொண்டு வாங்க. கீழ்ப்பக்கம் ரோட்டுல போகவே கூடாது. பாறை தெரியிற இடம் ஏதாவது இருக்கா?"

"வீட்டுக்குப் பின்னால மேட்டில இருக்கு."

"அங்க போங்க. ஃபயர் சர்வீஸுக்கு நான் போன் பண்றேன். சாமான் எதையும் எடுக்க வேணாம்."

அவள் படியேறிப் போனபோது வட்டம் திரும்பவும் தொடங்கியிருந்தது. நின்று கத்திப் பார்த்தாள். அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த இசையில் மெட்டை முடிக்க ஒரு வழி உண்டு. வட்டத்தில் இருப்பவர் ஒரு காலை நீட்டித் தூக்கினால் இதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தம். அவள் அதுவரை காத்திருக்கவில்லை. நடுவே போய்க் கேசியின் வில்லைக் கையால் பிடித்தாள்.

"நிலம் போகிறது" என்றாள் நோர்வேமொழியில். வேறு சொல் வரவில்லை. "வெளியே. பாறைக்கு. இப்போதே. நிலம் போகிறது."

அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் எழும்பினார்கள். பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு, சிலர் வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி, மழைக்குள் மேட்டில் ஏறினார்கள். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வந்த குன்வோர் மட்டும், கன்றுகளை விடவென்று களஞ்சியத்தின் கீழ்க்கதவை நோக்கித் திரும்பினாள். கதவு இறுகிக் கிடந்தது. இரண்டு தரம் இழுத்தாள், அசையவில்லை. ஜெயகுமாரியும் கேசியும் அவளை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தீயணைப்பு வண்டி வந்ததும் அதிகாரி வெடிப்பைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் தன் ஆட்களையும் பின்னால் கூப்பிட்டுக்கொண்டார். அதில் இப்போது ஒரு ஆள் இறங்கி நிற்கலாம்.

ஒன்றரை மணிக்குக் கீழே ஓடைப்பக்கமாகத் தொடங்கியது. முதலில் சத்தமே இல்லை. மரங்கள் நின்றபடியே நகர்ந்தன. பிறகு புதுமண்ணும் அதிலிருந்த ஏழு வண்டிகளும் மெதுவாகக் குனிந்து உள்ளே போயின. களஞ்சியம் ஒரு முறை திரும்பி, சாய்ந்து, உடையும் சத்தம் கேட்டது. வீட்டின் பாதி விளிம்பில் தொங்கியது. கன்றுகளின் சத்தம் நாலைந்து நிமிடம் கேட்டது. கேசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாறையில் இருந்துவிட்டாள். குன்வோர் பொத்தவில்லை. கடைசிவரை நின்று கேட்டாள்.

மனிதர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்திரிகையில் படம் வந்தது. ஒஸ்லோவில் தமிழ் அமைப்பு ஒன்று பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொல்லி ஆளனுப்பியது. ஜெயகுமாரி மறுத்துவிட்டாள்.

"இருபத்தைஞ்சு சனத்தைக் காப்பாத்தியிருக்கிறீர். ஏன் வேண்டாமெண்டுறீர்?" என்று கேட்டார் பிரசாந்தன்.

"எனக்குத் திங்கள் மத்தியானமே தெரியுமப்பா."

"அண்டைக்கும் சொன்னனீர்தானே?"

"ஓம், ஒருக்காச் சொன்னன். கோப்பியும் வாங்கிக் குடிச்சன். காணாது."

அன்று பக்கத்துக் கதிரைக்காரர் கையோடு தூக்கிவந்த வயலினை அவள் சில தரம் எடுத்துப் பார்த்தாள். விரல்கள் அந்த மெட்டைத் தாமாகவே தொடங்கும். நடுவில் காதுக்குள் கன்று கத்தும். வில்லைக் கீழே வைத்துவிடுவாள்.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரோம்மனுக்குப் போனாள். குன்வோர் அங்கே மகளுடைய அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். மெலிந்து போயிருந்தாள். ஜெயகுமாரி கொண்டுபோன கேக்கை வெட்டவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை.

"செவ்வாய்க்கிழமை சொன்னதுபோல நீ திங்கட்கிழமை சொல்லியிருந்தால், கன்றுகளை வெளியே விட்டிருப்பேன்" என்றாள்.

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு நோர்வேமொழியில் சொன்னாள்: "அது எனக்கும் தெரியும்."

"நீ சொன்னதை நானும்தான் கேட்கவில்லை." குன்வோர் யன்னலைப் பார்த்தாள். வெளியே திரும்பவும் மழை. "எங்கள் ஓடை கீழே இன்னும் மூன்று பண்ணைகளைத் தாண்டிப் போகிறது. நிலத்தைத் துளைத்துப் பார்க்க இரண்டு கிழமையில் வருவதாக அந்தப் பண்ணைக்காரருக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். அதுவரை வீட்டிலேயே இருக்கிறார்கள். எனக்கு அவர்களைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்."

ஜெயகுமாரி கோட்டைக் கழற்றியிருக்கவில்லை. அப்படியே எழும்பினாள். பிரசாந்தன் கீழே காரில் காத்திருந்தார். மூவருமாகப் போனார்கள். முதல் பண்ணையில் கிழவரும் மனைவியும் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். குன்வோர் சுகம் விசாரிக்கத் தொடங்கினாள். ஜெயகுமாரி அவளைத் தாண்டி மேசைவரை போனாள்.

"இன்றைக்கே வெளிக்கிடுங்கள்" என்றாள். கிழவர் கரண்டியை வைக்காமல் பார்த்தார். அவள் இன்னும் சத்தமாக, இன்னொரு தரம் சொன்னாள். கிழவரின் மனைவி எழும்பிப் போய்ச் சப்பாத்தைத் தேடினாள்.

இரண்டாவது பண்ணையில் யாரும் இருக்கவில்லை. மூன்றாவதற்குப் போகும் பாதையில் தண்ணீர் நின்றது. பிரசாந்தன் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அது என்ன நிறம் என்று எட்டிப் பார்த்தார்.