நான் சொன்ன ‘வாரேன்’

என் சிநேகிதி சுகந்தி சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுத முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமை பஸ் காரணம் இல்லை. நான் சொன்னதை அவள் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று ஊரே பேசிக்கொண்டதே, அதுவும் இல்லை. நான்! தெரிந்தே செய்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் வந்த தைரியம்தான் இது. தெரிந்தவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

எனக்கு ராசிபுரம். அவளுக்கு வெண்ணந்தூர். பிளஸ் டூவில் ஒரே பெஞ்சு. என் அப்பா ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா விசைத்தறி ஓட்டுகிறவர். வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் அவளுக்குத்தான் வந்தது. அவளைப் பார்த்துத்தான் நானும் ஆசைப்பட்டேன். ஆசையைக்கூட அவளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன், பாருங்கள்!

இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைடு. தலையணை மாதிரி தடிமன். அதன் முதுகை பிளேடால் அறுத்து இரண்டாக்கினோம். ஒரு வாரம் முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு, மறுவாரம் மாற்றிக்கொள்வோம். அப்பாவின் ஆபீசுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரை மறுநாள் நான் எடுத்துப்போவேன். சனிக்கிழமை தோறும் அவள் வீட்டில் மாதிரித் தேர்வு. போனில் இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுவோம்.

அந்தத் தேர்வைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ... அதில் சட்டப் பகுதி என்று ஒன்று உண்டு. ஒரு விதியைக் கொடுப்பார்கள். ஒரு சம்பவத்தைக் கொடுப்பார்கள். அந்த விதிப்படி யார் பக்கம் நியாயம் என்று நாம் சொல்ல வேண்டும். நான் விதியை நான்கு முறை படித்துத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பேன். சுகந்தி இங்கிலீஷில் என்னைவிட மட்டம். ஆனாலும் ஒரே முறை படிப்பாள், பென்சிலைக் கடிப்பாள், டக்கென்று குறித்துவிடுவாள்.

“எப்புடிடி?” என்று கேட்டால் சிரிப்பாள்.

“விதிய அப்பறம் படி புள்ள. மொதல்ல எவன் மனசுல கள்ளம் இருக்குதுன்னு பாரு. அதக் கண்டுபுடிச்சிட்டா பாதி முடிஞ்சுது.”

எவன் மனசில் கள்ளம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவள்... பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடிக்கவில்லையே!

பொறாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அது ஒரே நாளில் வந்ததில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. நான் எழுபதைத் தாண்டத் திணறுவேன். அவள் எண்பத்தைந்தில் நிற்பாள். வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்பார். நான் என் மதிப்பெண்ணைச் சொல்வேன். “அந்தப் புள்ள எத்தன சாமி?” என்பார் அடுத்து. எங்கள் பக்கத்தில் ‘சாமி’ என்றால் ‘கண்ணு’ என்கிற மாதிரி. அவர் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அவள் அம்மா என் எதிரிலேயே சொல்லியிருந்தார்: “ஒருக்கா எழுதட்டும் சாமி. கெடச்சா மகராசியாப் போவட்டும். கெடைக்கலீன்னா எங்கண்ணன் பையன் காத்துக்கிட்டிருக்கறான். என்னால இன்னொரு வருசம் தாக்குப்புடிக்க முடியாது.” எனக்கோ, கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம்... அப்பா இருந்தார்.

தேர்வு மையம் சேலத்துக்கு அந்தப் பக்கம், பைபாஸை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. ஒன்றேமுக்காலுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. “காருல போயிரலாம், அந்தப் புள்ளயையும் ஏத்திக்கலாம்” என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். நான் சுகந்தியிடம், “அப்பா கார் எடுப்பாருன்னு நெனைக்கறேன்” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். ஏன் முழுதாகச் சொல்லவில்லை? அப்போதே எனக்குள் ஏதோ ஒன்று கதவைத் திறந்து வைத்திருந்ததா?

முந்தின நாள், சனிக்கிழமை. கடைசி மாதிரித் தேர்வு. எனக்கு அறுபத்தெட்டு. அவளுக்குத் தொண்ணூற்றொன்று.

“உனக்கு இன்னிக்கு மனசு சரியில்ல புள்ள. நாளைக்குப் பாரு, என்னயத் தூக்கிச் சாப்புட்டுருவ” என்றாள். ஆறுதல் சொன்னாள்! அந்த ஆறுதல்தான் எனக்கு எரிந்தது. புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன். அவள் வாசல் வரை ஓடிவந்தாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தித்தான் கேட்டாள்:

“நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டாப்புல நிக்கட்டுமா?”

கேட்டது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை.

“சரி புள்ள, வாரேன்” என்றேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சு உங்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். கிளம்புகிறபோது இங்கே யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். வாயில் வராது; வந்தால் பெரியவர்கள் திட்டுவார்கள். ‘வாரேன்’ என்றுதான் சொல்வோம். வருகிறவரும் வாரேன், போகிறவரும் வாரேன். அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேனா, விடைபெற்றுக்கொண்டேனா? சொன்ன கணத்தில் எனக்கே தெரியாது என்று பல நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். தெரியும்... அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று தெரியும். ஸ்டாப்பில் வந்து நிற்பாள் என்று தெரியும்!

மறுநாள் காலை அப்பா காரை எடுத்தார். வெண்ணந்தூர் ரோடு பிரிகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தார்.

“இப்புடியே போயி அந்தப் புள்ளய ஏத்திக்கலாமா சாமி? நின்னுக்கிட்டிருக்குமல்லோ?”

“இல்லீங்கப்பா. அவ அவங்கம்மாகூட பஸ்ல வாராளாம். நாம பைபாஸ்லயே போயிரலாம்.”

இதில் இரண்டு அர்த்தம் கிடையாது. இது பச்சைப் பொய். அப்பா தலையாட்டிவிட்டு நேராக விட்டார்.

பத்தேகாலுக்குப் போன் அதிரத் தொடங்கியது. அவள் அம்மாவின் நம்பர். நான் சத்தத்தை அணைத்துப் பைக்குள் அடியில் வைத்தேன். ஆண்டகளூர் கேட்டில் ஒருமுறை. மல்லூரில் ஒருமுறை. அப்புறம் எண்ணவில்லை. பைக்குள் அது அதிர்வது என் தொடையில் தெரிந்துகொண்டே இருந்தது. அப்பாவிடம் ‘திருப்புங்க’ என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மணி பதினொன்றுகூட ஆகவில்லை. திருப்பியிருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு பன்னிரண்டரைக்குள் வந்திருக்கலாம். பன்னிரண்டு வரைகூட நேரம் இருந்தது! நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொது அறிவுக் குறிப்பைப் படிக்கிற மாதிரி பக்கம் புரட்டினேன்.

பின்னால் அவள் சொல்லித்தான் தெரிந்தது... போனை நான் அணைத்தே போட்டிருந்தால், அவள் அப்போதே பஸ் ஏறியிருப்பாள். ரிங் போய்க்கொண்டே இருந்ததால், “வண்டியில வந்துக்கிட்டிருக்கறாங்க, அதான் எடுக்கல” என்று அம்மாவுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். பன்னிரண்டேகால் வரைக்கும்! வழியில் வண்டி பஞ்சராகியிருக்கும் என்று எனக்காகக் கவலை வேறு பட்டிருக்கிறாள்.

நான் தேர்வு எழுதினேன். நன்றாகவே எழுதினேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது அவளுடையதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு மணி நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்... பார்த்துக்கொண்டே எழுதினேன்.

நான்கு மணிக்கு வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே, புளியமரத்தடியில் சுகந்தியும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலை கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ் சீக்கிரம் கிடைக்காமல் இரண்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டும் விடவில்லையாம்.

என்னைப் பார்த்ததும் சுகந்தி எழுந்து வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நீ வாரேன்னு சொன்னியே புள்ள...”

அந்த நேரத்தில் அப்பாவும் காரிலிருந்து இறங்கி என் பின்னால் வந்து நின்றுவிட்டார். ஆனாலும் வாய் திறந்தது. எவ்வளவு சுளுவாகத் திறந்தது!

“அது கெளம்பறப்ப சொன்னதுடி. போயிட்டு வாரேன்னு. நீ என்னமோ கேட்ட, தறிச் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. போனும் சைலன்ட்ல பைக்குள்ள கெடந்துது.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு... நம்பினாள்! தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கவே செய்தாள்.

“அட, கூறுகெட்டவ நானு! நாந்தான் அரகொறையாக் கேட்டுக்கிட்டு நின்னுருக்கறேன். போனாப் போவுது உடு. நீ நல்லா எழுதுனயா?”

பஸ்ஸில் வருகிறாள் என்று நான் சொன்னதைக் கேட்டவர் அப்பா ஒருவர்தான். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர்களைக் காரில் ஏறச் சொன்னார். அதோடு சரி. இன்று வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னைச் சாமி என்று கூப்பிடுவது மட்டும் குறைந்துபோயிற்று. என் பிரமையோ என்னவோ.

கார் கிளம்பும் முன் அவள் அம்மா ஒரு தூக்குப்போசியைத் திறந்தார். “உனக்கும் சேத்துத்தான் சாமி கட்டியாந்தேன். பசியோட எழுதியிருப்ப, சாப்புடு” என்று புளிச்சோற்றை நீட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

எனக்கு இடம் கிடைத்தது. கடைசிப் பட்டியலில், தொங்கலில். சுகந்திக்கு அந்த ஆவணியிலேயே கல்யாணம் ஆனது. எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமன் மகன். கல்யாணத்தில் என்னை எல்லோரிடமும் காட்டினாள்: “எஞ் சினேகிதி, வக்கீலுக்குப் படிக்கறா. நாந்தான், இவ வாரேன்னு சொன்னத நெசமா வாரதுன்னு நெனச்சு ஸ்டாப்புல நின்னவ!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளைச் செவிடு என்று கேலி செய்யும் வழக்கம் அவள் புகுந்த வீட்டில் இன்றும் இருக்கிறது.

இப்போது எனக்கு ஐந்தாம் வருஷம். இந்த விடுமுறையில் எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, ஒரு காலைப்பொழுதில் எருமப்பட்டிக்குப் போனேன். சுகந்தி பண்ணையில் முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள்.

“ஏம் புள்ள, அன்னிக்கு அந்தப் பரீட்சைல என்னதான் கேட்டிருந்தாங்க? இத்தன வருசத்துல நீ சொல்லவே இல்லியே. சட்டக் கேள்வி ஒண்ணு சொல்லு, பாப்பம்.”

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். நினைவில் இருந்தது அந்த ஒன்றுதான்.

“ஒருத்தன் எருமை விக்கறான். அதுக்கு நோவு இருக்குதுன்னு அவனுக்குத் தெரியும். வாங்கறவன் சொல்றான்: ‘நீ ஒண்ணும் சொல்லலீன்னா, எருமை நல்லாருக்குதுன்னு நம்பி ஓட்டிக்கிட்டுப் போறேன்.’ விக்கறவன் வாயத் தொறக்கல. இது மோசடியா, இல்லியா?”

அவள் கை நின்றது. ஒரு விநாடிதான்.

“மோசடிதான். அவன் நம்பறான்னு தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தான்னா, அது பொய் சொன்னதேதான். மனசுல கள்ளம் இருக்குதல்லோ?” என்றாள். பிறகு பழைய மாணவியைப் போல ஆவலோடு என் முகத்தைப் பார்த்தாள். “சரியா?”

சரி. அன்று அந்தக் கேள்விக்கு நானும் அதையேதான் குறித்தேன். அவள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோது, உள்ளே உட்கார்ந்து, மோசடி என்று குறித்து ஒரு மதிப்பெண் வாங்கினேன்.

“தப்பு” என்றேன்.

ஏன் சொன்னேன்? அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றா? இல்லை, இன்னமும் அவள் என்னை முந்துவதை என்னால் பொறுக்க முடியவில்லையா? சத்தியமாகத் தெரியவில்லை... உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அவள் முகம் ஒரு கணம் வாடியது. அப்புறம் மெல்லத் தெளிந்தது. பெருமூச்சு விட்டாள்.

“பாரு... இத்தன வருசமா, அன்னிக்கு எழுதியிருந்தா கெடச்சிருக்குமோ, கெடச்சிருக்குமோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டிருந்துச்சு. இப்பத்தான் நிம்மதியாச்சு” என்று சொல்லிவிட்டு, அடுத்த அட்டையை எடுத்தாள்.