இச்சி மரத்துச் சாவடி

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த செபஸ்தியானுக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. பெட்டிக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆட்கள் கைவிட்டுப்போன கட்டடங்கள்தான் அவருக்கு வேண்டும். கதவில்லாத பங்களா, கூரை இறங்கிய மண்டபம் என்று தேடித்தேடிப் போய்ப் படம் எடுப்பார்.

சுதந்திரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறிய ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர் விற்றுவிட்டுப் போன கேமரா அது. அவர் காலி செய்த குவார்ட்டர்ஸைத்தான் செபஸ்தியான் முதலில் எடுத்தார். சுவரில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாக விழுந்திருந்தது. அந்தப் படத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

கூட வேலை பார்த்த பிலோமின்ராஜ் சும்மா விடமாட்டார். "என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கூப்பிட்டா வெளிச்சம் பத்தாதுங்கிற. வௌவாலுக்கு மட்டும் பத்துதாய்யா?"

"வௌவால் தலையை ஆட்டாம இருக்குய்யா" என்பார் செபஸ்தியான்.

எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டும் அவர் எடுக்காமலே வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. முசிறி போகும் சாலையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே நின்ற சாவடி. வழிப்போக்கர்கள் தங்க யாரோ ஒரு காலத்தில் கட்டியது. கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ் பழுதாகி, மனைவி ராசாத்தியோடு அவர் மழைக்கு அதற்குள் ஒதுங்கியிருந்தார். சுவரெல்லாம் இச்சி மரத்து வேர். கல்லையும் காரையையும் கை கோத்துப் பிடித்தாற்போல இறங்கியிருந்தது.

"மரம் வீட்டைப் புடிச்சிருக்கா, வீடு மரத்தைப் புடிச்சிருக்கா?" என்று கேட்ட ராசாத்தி, அவர் பதில் சொல்வதற்குள் தானே சிரித்துவிட்டாள்.

முதல் பிரசவத்தில் அவள் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. அதற்கப்புறம் அந்தச் சாலைப் பக்கமே அவர் போகவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடியில்தான் மனசைத் தேற்றிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறினார். சாவடி அப்படியேதான் இருந்தது. ஆனால் வானம் மூட்டம் போட்டிருந்தது. உள்ளே வேர் கறுப்பாகத் தெரிந்ததே தவிர, அந்தக் கேமராவில் விழாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீரமலை இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"இதைப் போட்டோ எடுக்கவா திருச்சியிலேர்ந்து வந்தீங்க? எங்க ஊர்ச் சாவடிக்கு வந்த வாழ்வைப் பாருங்க!"

"தை மாசம் வெயில் சாய்வா உள்ள விழும். பொங்கல் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேங்க."

"கட்டாயம் வாங்க. ஊர்ல சொல்லி வைக்கிறேன்."

சொன்னபடி தையில் போனார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்ணைக் கூசியது. வாழைக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு குவியல். கிட்டே போனால், சுண்ணாம்பு அடித்த சுவர்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. மரத்தைக் காணோம்.

சலவை வேட்டியும் புதுச்சேலையுமாக ஊரே அங்கே நின்றது. வீரமலை ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கு விழுந்திருச்சுங்க. எல்லாரும் மாட்டைக் குளிப்பாட்ட ஆத்துக்குப் போயிருந்தோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

வீரமலையின் மனைவி வெள்ளையம்மாளுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "போகிக்கு எங்க வீட்டுக்கு அடிக்கிறதுக்கு முந்தி இதுக்குத்தாங்க வெள்ளையடிச்சோம். நீங்க பார்க்காமப் போயிட்டீங்களே. கோலங்கூடப் போட்டிருந்தேன்."

"அந்த மரம்?"

"அதை ஏன் கேக்குறீங்க, கண்றாவியா இருந்துச்சு! படத்துல அசிங்கமா விழுமேன்னு இவரும் மருதையும் மெனக்கெட்டு, கார்த்திகையிலயே வேரோட பேத்து எடுத்துட்டாங்க."

மருதை என்ற இளவட்டம் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்த தழும்பு.

செபஸ்தியான் அந்தக் குவியலைப் பார்த்தார். தூக்கி நிறுத்திய எஞ்சினின் அடியில் எந்த ஜாக்கி எதைத் தாங்குகிறது என்று பார்க்காமல் ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். இவர்களிடம் ஒன்றையும் தொடாதீர்கள் என்று ஆடியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படம் எடுக்க வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எங்க தாத்தா காலத்துக்கும் முந்தி கட்டினது" என்றார் வீரமலை. "அத்தனை காலம் நின்னது, வெள்ளையடிச்சதும் விழுந்திருச்சே. எதனாலங்க?"

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். மருதையும் பார்த்தான்.

"பழசுங்க" என்றார் செபஸ்தியான். "மழையில ஊறியிருக்கும்."

"அதானே" என்று ஊர் மூச்சு விட்டது. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. எங்களையாச்சும் ஒண்ணு எடுங்களேன்."

அதுவரை ஓர் ஆளைக்கூட அவர் எடுத்ததில்லை. வெள்ளையம்மாள் கொழுந்தியாளை இடித்துத் தள்ளி முன்னால் வந்தாள். மருதை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். கேமராவுக்குள் குனிந்து பார்த்தபோது ஆட்கள் மறைத்ததில் சுவர் ஒரு துண்டும் தெரியவில்லை. அவர்களை விலகச் சொல்லாமல் அவர் விசையைத் தட்டினார்.

படத்தைக் கழுவி வாங்கி, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். வீரமலை வீட்டில் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

ரிட்டையர் ஆகும்வரை செபஸ்தியான் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போவதை விடவில்லை. கேமராதான் அலமாரியில் இருந்தது. எங்காவது இடிந்த மண்டபத்தைக் கண்டால் சைக்கிளை நிறுத்திச் சாலையிலிருந்தே பார்ப்பார். யாராவது, "என்னங்க பார்க்குறீங்க?" என்று கிட்டே வந்தால், "ஒண்ணுமில்லைங்க, தண்ணி கிடைக்குமான்னு நின்னேன்" என்பார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கட்டடத்தின் பக்கம் திரும்பாமல் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்.