அத்தாவின் நாற்பதாம் பாத்திஹா

அத்தா மவுத்தாகி அடக்கம் முடிந்ததும் அம்மா, புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் உட்கார்ந்தாள். வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக் கூடாது. அந்த அறைக்குள்ளிருந்து அவள் கேட்டது ஒன்றுதான். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் பள்ளிவாசல் அஜரத்து வீட்டுக்கு வந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத வேண்டும். முடிவில் இறைவனிடம் கையேந்தி துஆ கேட்கும்போது அவர் மவுத்தானவரின் பெயரைச் சொல்வார். திரைக்குப் பின்னாலிருந்து பெண்கள் நாங்கள் ஆமீன் சொல்வோம். கட்டிய நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் அம்மா. அதை ஒருமுறை காதால் கேட்டுவிடத் தவித்தாள்.

அண்ணன் முடியாது என்றான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கும் அவனுக்கு மார்க்கம் மொத்தமும் யூடியூபில்தான் கிடைத்தது. எந்த ஊர்க்காரரோ மைக் முன்னால் உட்கார்ந்து, நாற்பதாம் பாத்திஹா பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுப் பழக்கம் என்பார். கடையில் ஆள் நிற்பதுகூடத் தெரியாமல் இவன் தலையாட்டுவான். இவனுக்கு அலிஃப் பே சொல்லிக்கொடுத்ததும் நிக்காஹ் ஓதிவைத்ததும் எங்கள் அஜரத்துதான். அதெல்லாம் எந்தக் கணக்கில் போனதோ.

“இன்னாம்மா நீ, ஆதாரம் இருந்தா காட்டு” என்று அறை வாசலில் நின்று கேட்டான். பெற்றவளிடம் ஆதாரம் கேட்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானே அஜரத்து வீட்டுக்குப் போனேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உங்க அண்ணன் ஜமாத்து குரூப்புல அந்த வீடியோவப் போட்டு, நான் வவுத்துப் பொழப்புக்கு ஓதறவன்னு எழுதிக்கீறாரும்மா. எல்லாரும் படிச்சிட்டாங்க. நான் வந்தா உங்க வூட்ல சண்டை ஜாஸ்தி ஆவும்.”

“அப்ப எங்க அத்தாவுக்கு யாருங்க ஓதறது?”

கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். வெறுங்கையோடு திரும்பினேன்.

நாற்பதாம் நாள் அண்ணன் கடைக்குப் போய்விட்டான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவனைக் கெடுத்த அதே யூடியூபில் யாசீனைத் தேடி எடுத்து என் ஃபோனை அம்மா மடியில் வைத்தேன். ஓதியவருக்கு நல்ல குரல். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். ஓதி முடிந்ததும் துஆவுக்குக் கையேந்தினாள். ஃபோனில் ஏதோ சோப்பு விளம்பரம் வந்தது. அவசரமாக அணைத்தேன்.

அம்மா ஏந்திய கையை இறக்கவில்லை.

“உங்க அத்தா பேர எப்பம்மா சொல்வாரு?” என்று கேட்டாள்.