இரண்டு டிகிரி குறைத்தேன், கார் பறந்தது

போன ஞாயிற்றுக்கிழமை மாலை என் காரை வாங்க ஒருவர் வருவதாக இருந்தது. விற்க எனக்கு மனமில்லை... வைத்துக்கொள்ளவும் வழியில்லை.

வண்டி பழசுதான். ஆனால் டர்போ பெட்ரோல். மிதித்தால் முதுகை சீட்டோடு அழுத்தும் என்று ஆசைப்பட்டு, என் சம்பளத்தில் வாங்கியது. சமதரையில் அழுத்தவும் செய்தது. ஃப்ளைஓவர் ஏறினால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்து, பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கித் தரும்.

செகந்திராபாத் பக்கத்து உப்பல் மெக்கானிக் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பார்ட் எல்லாம் சரியாக இருக்கிறதாம். முன்பு வைத்திருந்தவர் வண்டியின் கம்ப்யூட்டரில் ஏதோ நோண்டியிருக்கிறாராம்.

கம்ப்யூட்டரா? அது நம்ம ஏரியாவாயிற்றே!

என் கணவர் முரளி செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர், பொறுமைசாலி. அவரே சொன்னார்: "நக்கோ சுதா, வேண்டாம். இது சாஃப்ட்வேர் இல்ல, தப்பாச்சுன்னா பிஸ்டனே உருகிடும். சரி, ஒரு மாசம் பாரு. சரியாகலைன்னா வித்துடலாம்."

கேபிள் வாங்கி, இன்ஜினை நடத்தும் பெட்டியோடு லேப்டாப்பை இணைத்தேன். டேட்டா கார்டு கதறும்வரை வெளிநாட்டு ஃபோரம்களைப் படித்தேன். டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும், எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக விழ வேண்டும் — மூன்றும் திரையில் அட்டவணைகளாக விரிந்தன.

மூன்றையும் கூட்டினேன். வெட்டு அதிகமானது. இன்னும் கூட்டினேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி இன்ஜினுக்குள் சத்தம். பயந்துபோய்ப் பழைய அட்டவணைகளையே ஏற்றினேன். மறுநாள் மறுபடியும் ஆரம்பித்தேன். மாதம் முடிந்தது, முரளி ஆள் பார்த்துவிட்டார்.

ஞாயிறு காலை கடைசி முயற்சி. விடுமுறை என்பதால் ஜீடிமெட்லா தொழிற்பேட்டைச் சாலை காலி. நான் ஸ்டியரிங்கில், முரளி மடியில் லேப்டாப்.

"ஒரு தடவைக்கு எத்தனை மாத்தின?"

"மூணு."

"உங்க ஆபீஸ்ல ஒரு டெவலப்பர் ஒரே பில்டுல மூணு மாத்திட்டு வந்தா என்ன சொல்லுவ?"

பதினோரு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டர் நான். இதே தப்புக்காக எத்தனை பேரை மீட்டிங்கில் வறுத்தெடுத்திருக்கிறேன்! ஊருக்குத்தான் உபதேசம்...

முதலில் எதையுமே மாற்றாமல் அந்தச் சாலையின் மேட்டில் ஏறி, லேப்டாப்பில் பதிவானதைப் படித்தோம். வெட்டும் நேரத்தில் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்பார்க்கைத் தானே எட்டு டிகிரி தாமதப்படுத்துகிறது! பழைய ஓனர் உயர்ரகப் பெட்ரோலுக்காக அமைத்த கணக்கு அது. நான் போடுவதோ சாதா பெட்ரோல். அது தாங்காமல் தவிக்க, நான் மேலும் மேலும் கூட்டியிருக்கிறேன்.

ஸ்பார்க் முன்னதாக விழுவதை மட்டும் ஒரு டிகிரி குறைத்தேன். அதே மேடு, அதே மூன்றாவது கியர்.

"எட்டு இப்ப மூணாயிடுச்சு," என்றார் முரளி.

இன்னொரு டிகிரி குறைத்தேன்.

"ஜீரோ."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மேட்டின் உச்சியில் இருந்தோம். வெட்டு இல்லை, சத்தம் இல்லை, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வண்டியை ஓரம்கட்டி அழுதேன். சந்தோஷத்தில்தான். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பதற்றத்தில் நாம் எல்லோருமே கூட்டத்தான் செய்கிறோம், இல்லையா? பிள்ளைக்கு மார்க் குறைந்தால் ஒரே வாரத்தில் டியூஷன், அபாகஸ், வல்லாரை லேகியம். எது வேலை செய்தது, எது படுத்தியது — யாருக்குத் தெரியும்?

வாங்க வருபவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார் முரளி. நான் விடவில்லை. மாலை வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். ஃப்ளைஓவரில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முகமெல்லாம் பல்லாக இறங்கினார்.

"வண்டி அம்சமா இருக்குதுங்க. இன்னைக்கே எடுத்துக்கறனுங்க."

"மன்னிச்சுக்குங்க, விக்கறதா இல்ல."

"அப்புறம் எதுக்குங்க என்னைய வரச் சொன்னீங்க?"

ரிலீஸுக்கு முன்னால் வெளியாள் ஒருவர் ஓட்டிப் பார்த்து ஓகே சொல்ல வேண்டாமா?